வெயிலுக்கு மீட்டர் இல்லை

அரூரை அடுத்த தீர்த்தமலையில் பாறையிலிருந்தே தண்ணீர் விழுகிறது; ராமர் தீர்த்தம் என்பார்கள். கீழே காட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. தருமபுரி மாவட்டம் கெட்டிப் பாறை பூமி. மழைநீர் பாறை வெடிப்புகளில்தான் தங்கும்; குச்சிக்கிழங்குக்கும் கரும்புக்கும் அதை போர் போட்டு மேலே இழுக்க வேண்டும். சோலார் தொழிலின் வளர்ச்சியை இந்த ஊர்ப்பக்கம் மொட்டைமாடியை வைத்து அளப்பதைவிட, மோட்டாரை வைத்து அளப்பதே சரி.

தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் என்றால் கமுதியைச் சொல்வார்கள். 2016இல் அங்கே 648 மெகாவாட் நிலையம் வந்தபோது ஒரு யூனிட்டின் விலை ரூ.7.01. மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் ரூ.2.44க்கு இறங்கியது. பேனல் விலை சரிந்ததே முக்கியக் காரணம். 2025 தொடக்கத்தில் நாட்டின் சூரிய மின் திறன் 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பேனல்களும் இப்போது இங்கேயே தயாராகின்றன: திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார்.

விவசாயிக்கு இதில் என்ன? தமிழகத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்ப்செட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. இலவசம் அவருக்குத்தான், அரசு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. சோலார் பம்ப்செட்டுக்கு 2019இல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் மானியம் தருகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பிக்கலாம். பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, ராத்திரியில் டார்ச்சும் கையுமாகத் தண்ணீர் கட்டப் போக வேண்டாம். பாம்புக் கடிக்குப் பயந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வெயில் கொளுத்தினால் கரண்ட் கூடும் என்று நினைப்பது தவறு. சிலிக்கான் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சித்திரையில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். பேனலுக்கு அடியில் காற்றோட்டம் விட்டு, தூசியையும் துடைத்தால் இழப்பு கொஞ்சம் குறையும்.

உண்மையான சிக்கல் வேறு. மின்வெட்டாவது மோட்டாரை நிறுத்தியது, சூரியன் நிறுத்தாது. செலவில்லாத மோட்டாரை யார் அணைப்பார்கள்? பாறை வெடிப்பில் இருக்கும் நீரோ கொஞ்சம்தான்.

இதற்கு குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமம் ஒரு வழி காட்டியது. 2016இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பாசனம் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு யூனிட் ரூ.4.63க்கு விற்றார்கள். மோட்டாரை அணைத்தால் காசு. எனக்கு மானியத்தைவிட இந்த ஏற்பாடுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. தீர்த்தமலையில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் பேனல் வேண்டும். நாளுக்குச் சுமார் 20 யூனிட் கிடைக்கும். தண்ணீர் கட்டாத 150 நாளில் 3,000 யூனிட். துண்டி விலையில் ரூ.13,890. போர் வற்றிப்போன வருஷத்தில் இந்தத் தொகை இன்னும் கூடும்.