தப்பா வாசிச்சாலும் பரவாயில்லை... தாளத்தை விடாதீங்க!

இதுவரை பார்த்தே இராத ஒரு நோட்ஸ். அரை நிமிஷம் பார்க்கலாம், அப்புறம் வாசிக்கணும். ஏ.பி.ஆர்.எஸ்.எம் பிராக்டிகல் கிரேடு தேர்வில் 150 மதிப்பெண்ணில் 21 இந்த 'சைட் ரீடிங்'குக்குத்தான்.

இதில் பலரும் சொதப்புவது சுரத்தில் இல்லை, தாளத்தில். ஒரு சுரம் தப்பியதும் நின்று, பின்னால் போய் அதைச் சரிசெய்து வாசிப்பாங்க. தப்பின சுரம் நொடியில் கடந்துபோயிடும். நின்றுவிட்டால் மொத்த வரியும் குலைஞ்சுபோகும்.

இளையராஜாவின் ஒலிப்பதிவுகளை நினைச்சுப் பாருங்க. அவர் எழுதிக்கொடுக்கும் நோட்ஸைப் பார்த்து, வயலின் கலைஞர்கள் கூட்டமாக வாசிப்பாங்க. எல்லோரும் சேர்ந்து ஒரே டேக்கில் வாசித்த காலத்தில், ஒருத்தர் நின்னா அத்தனை பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

சரி, தாளம் தவறாமல் வாசிக்க என்ன பண்ணலாம்?

* வேகத்தைக் கஷ்டமான இடம் முடிவு பண்ணட்டும்: கிடைக்கிற 30 நொடியில் நெருக்கமான நோட்ஸ் எங்கே இருக்குன்னு தேடுங்க. அதை எந்த வேகத்தில் வாசிக்க முடியுமோ, அதுதான் முழுசுக்கும் வேகம். ஈஸியான முதல் வரியை நம்பி வேகமாகக் கிளம்பினால் நடுவில் மாட்டிக்குவீங்க.

* வாயால் சொல்லுங்க: திருவிழா மேளம் கேட்டு வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரோ மகாராஜபுரமோ, சொற்கட்டு புதுசில்லை. ஒரு பீட்டில் ஒரு நோட் என்றால் 'தா', இரண்டு 'தக', மூன்று 'தகிட', நான்கு 'தகதிமி'. கையால் தட்டிக்கிட்டே சொல்லுங்க. 'தகதிமி' வந்ததும் கையும் சேர்ந்து ஓடப் பார்க்கும், விடாதீங்க. சொல் மட்டும்தான் மாறணும். தட்டு மாறக் கூடாது.

* மௌனத்தையும் எண்ணுங்க: ஆதி தாளத்தில் பாட்டு நின்றாலும் கை 8 எண்ணிக்கையைப் போட்டுக்கிட்டேதான் இருக்கும். நோட்ஸில் வரும் இடைவெளியும் அப்படித்தான்.

* கண் முன்னால் ஓடட்டும்: வாசித்துக்கொண்டிருக்கும் பாரை இன்னொருத்தர் அட்டையால் மூடிக்கிட்டே வரட்டும். கண் தானாக அடுத்த பாருக்குப் போகும்.

மொபைல் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 என்று வைத்து ஆரம்பிங்க. அப்புறம் அதை அணைச்சுட்டு வாசிச்சு, ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. எங்கே ஓடுறீங்க, எங்கே இழுக்கிறீங்கன்னு தெரிஞ்சிடும்.

தினமும் 5 நிமிஷம், ஒரு புது நோட்ஸ் போதும். இரண்டு முறை வாசித்த பிறகு அது சைட் ரீடிங் இல்லை, பழகின பாட்டு. மறுநாள் வேற எடுத்துக்கோங்க!