குதிரை முதுகில் ஒரு மருத்துவம்

குதிரை என்றதும் நம் பங்கு மக்களின் நினைவுக்கு வருவது புனித சந்தியாகப்பரின் வெண்குதிரை. கொங்கு நாட்டாருக்கோ ஆடித் திருவிழாவில் கூடும் அந்தியூர்க் குதிரைச் சந்தை. கை கால் வழங்காத குழந்தைக்கும் குதிரை உதவும் என்று சாமளாபுரத்து விசைத்தறிக் குடும்பங்களிடம் கூறினால் வியப்பர். ஆயினும் மேனாடுகளில் இம்முறை வேரூன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

அதற்கு வித்தாக அமைந்தது ஒரு தாயின் வாழ்க்கை. டென்மார்க் நாட்டுக் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்டெலை 1944-ஆம் ஆண்டு, அவர் கருவுற்றிருந்த வேளையில், இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. குழந்தை நலமே பிறந்தது. தாய்க்கோ முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்த அந்நிலையில், 1952-இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். அவரைச் சுமந்த பெண்குதிரையின் பெயர் ஜூபிளி. நமக்கு நன்கு பழகிய 'யூபிலி' தான்! 1956-இலும் அவருக்கு வெள்ளி கிடைத்தது. அவரைக் கண்டே பல நாடுகளில் ஊனமுற்றோருக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் எண்ணம் பிறந்தது. 1969-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கெனத் தேசியச் சங்கங்கள் தோன்றின. 1996-இல் பாராலிம்பிக் போட்டிகளிலும் குதிரையேற்றம் இடம்பெற்றது.

குதிரை என்ன செய்கிறது? அது மெல்ல நடக்கையில் அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இவ்வாறே. மூளை முடக்குவாதத்தால் என்றும் நடந்தறியாத குழந்தையின் இடுப்பு, குதிரை மீது அமர்ந்ததும் நடையின் அசைவை உணர்கிறது. விழாமல் அமர்ந்திருக்க அதன் முதுகும் கழுத்தும் ஒவ்வோர் அடிக்கும் முயல்கின்றன. ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, தேவைக்கேற்ப இருபுறமும் இருவர் குழந்தையைத் தாங்கியவாறு உடன் நடப்பர். ஒரு குழந்தைக்கு மூவர்! குதிரைத் தீவனச் செலவை எண்ணும் நாம் இதையும் எண்ணவேண்டும்.

பெற்றோருக்கு ஒன்றைத் திட்டமாகக் கூறுவோம்: இது நோயை நீக்கும் மருந்தன்று. உடல் நிலைப்பாட்டுக்கும் சமநிலைக்கும் இது துணைசெய்வதாக ஆய்வுகள் கூறுகின்றன, அவ்வளவே. 'குதிரையேறினால் பிள்ளை நடந்துவிடும்' என்று எவரேனும் பணம் கேட்டால் நம்பவேண்டாம். அடங்காத வலிப்பு, எளிதில் முறியும் எலும்பு உடையோருக்கு இது ஆகாது. டவுன் குறைபாடுள்ள குழந்தையின் கழுத்தெலும்பை மருத்துவர் சோதித்தறியாமல் குதிரையில் ஏற்றவே கூடாது.

தாயும் தந்தையும் மாறிமாறி ஷிப்டுக்குச் செல்ல, பாட்டியின் காவலில் பாயிலே கிடக்கும் பிள்ளை நம் பங்குகளிலும் உண்டு. விருந்தினர் வந்தால் உள்ளறைக்கு மாற்றப்படும் பிள்ளையும் உண்டு. இதை எழுத நமக்கு வருத்தமே. குதிரை இல்லையெனினும், உருண்டைத் திண்டின் மேல் இருபுறமும் காலிட்டு அமரவைத்துப் பயிற்றும் முறையை இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். அதனைப் பாட்டியும் கற்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையை அணுகவேண்டும். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும்.