'அந்த 5 பொருளையும் எடுத்துக் காட்டுங்க!' - மியூசியம் குடோனையே மக்களுக்குத் திறந்துவிட்ட லண்டன்... எப்படி நடந்தது?

ஒரு மியூசியத்துக்குப் போகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிலை, நாணயம், வாள், பழைய துணி எல்லாவற்றையும் பார்க்கிறோம். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வருகிறோம். 'அவ்வளவுதான், எல்லாத்தையும் பார்த்தாச்சு' என்று தோன்றும்.

ஆனா விஷயம் அப்படி இல்லை. பெரிய மியூசியங்களில் நம் கண்ணுக்குக் காட்டப்படுவது மிகச் சிறிய பகுதிதான். மீதி அத்தனையும் பூட்டிய குடோன்களில், பெட்டிகளுக்குள்ளும் ரேக்குகளிலும் இருக்கின்றன. மக்கள் பணத்தில் பாதுகாக்கப்படும் பொருட்கள், ஆனால் மக்கள் பார்க்க முடியாது.

லண்டனில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் இதைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. குடோனை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தபோது, புதிய குடோனின் கதவைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டது. 2025 மே 31-ம் தேதி திறக்கப்பட்ட அந்த இடத்தின் பெயர் 'வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்'.

இது எப்படி நடந்தது? விரிவாகப் பார்ப்போம்.

பழைய குடோன் எங்கே இருந்தது?

மேற்கு லண்டனில் 'பிளைத் ஹவுஸ்' என்று ஒரு பிரமாண்டமான செங்கல் கட்டடம். 1900-களின் தொடக்கத்தில் தபால் அலுவலக சேமிப்பு வங்கியின் தலைமையகமாகக் கட்டப்பட்டது. பிற்காலத்தில் வி அண்ட் ஏ, பிரிட்டிஷ் மியூசியம், சயின்ஸ் மியூசியம் என 3 மியூசியங்களும் சேர்ந்து இதைக் குடோனாகப் பயன்படுத்தின. 2011-ல் வெளியான 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' படத்தில் உளவுத்துறை அலுவலகமாக வருவது இந்தக் கட்டடம்தான்.

முன்கூட்டியே அனுமதி வாங்கிய ஆய்வாளர்கள், மாணவர்கள் சிலர் உள்ளே போய்ப் பார்க்கலாம். சாதாரணமாக ரோட்டில் போகிறவர் எட்டிப் பார்க்க முடியாது.

2015-ல் பிரிட்டன் அரசு ஒரு முடிவை அறிவித்தது. பிளைத் ஹவுஸை விற்கப் போகிறோம், பொருட்களை நவீன வசதி உள்ள இடங்களுக்கு மாற்ற 3 மியூசியங்களுக்கும் சேர்த்து 15 கோடி பவுண்டு தருகிறோம் என்றது. ஆக, காலி பண்ணியே ஆக வேண்டும்!

எவ்வளவு பொருட்கள்?

வி அண்ட் ஏ மட்டும் மாற்ற வேண்டியிருந்தது:

* 2.5 லட்சத்துக்கும் அதிகமான கலை, வடிவமைப்புப் பொருட்கள்
* 3.5 லட்சம் நூலகப் புத்தகங்கள்
* கிட்டத்தட்ட 1,000 ஆவணத் தொகுப்புகள்

குண்டூசி அளவு பொருளும் உண்டு, கட்டடத்தின் சுவரும் உண்டு. கண்ணாடி, பட்டு, மரம், காகிதம், இரும்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். நாம் வீடு மாறும்போதே ரெண்டு தட்டு உடையும், ஒரு டப்பா காணாமல் போகும். இங்கே உடைந்தால் கடையில் வேறு வாங்க முடியாது.

எப்படி மாற்றுவார்கள்?

லாரியில் ஏற்றுவது கடைசி வேலைதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

முதலில் கணக்கெடுப்பு. பதிவேட்டில் உள்ள பொருள் ரேக்கில் இருக்கிறதா, ரேக்கில் உள்ள பொருள் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பொருள் எந்த நிலையில் இருக்கிறது, விரிசல் உண்டா, சாயம் போயிருக்கிறதா என்று குறிக்க வேண்டும். பார்கோடு ஒட்டினால்தான் எந்தப் பெட்டி எந்த லாரியில் போய் எந்த ரேக்கில் இறங்கியது என்று தெரியும்.

அடுத்து பூச்சி. பழைய துணி, கம்பளி, மரம் இவற்றில் ஒரே ஒரு பூச்சி முட்டை ஒளிந்திருந்தாலும் போதும், புதிய குடோன் முழுக்கப் பரவிவிடும். அதனால் துணிகளை நன்றாகச் சுற்றி, கடுங்குளிரில் சில நாட்கள் உறைய வைப்பது மியூசியங்களில் வழக்கம். மருந்து அடிக்காமலே பூச்சி செத்துவிடும், துணிக்கும் பாதிப்பு வராது.

கடைசியாக பேக்கிங். பழைய கவுனை நம் வீட்டில் மடிப்பது போல மடித்தால், மடித்த இடத்திலேயே நூல் அறுந்துவிடும். அமிலம் இல்லாத தாள்களை உள்ளே வைத்து, மடிப்பு விழாமல் படுக்க வைக்க வேண்டும்.

கணக்கெடுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

இதற்குப் பதில் சொல்ல, வேறொரு மியூசியத்தில் நடந்ததைப் பார்க்கணும். 2023 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் மியூசியம் ஒரு அதிர்ச்சித் தகவலை வெளியிட்டது. குடோனில் இருந்த பொருட்கள் காணாமல் போயிருக்கின்றன, திருடப்பட்டிருக்கின்றன, சேதமாக்கப்பட்டிருக்கின்றன என்றது. எண்ணிக்கை சுமார் 2,000 என்று பிறகு தெரியவந்தது. அந்த மியூசியத்தின் இயக்குநர் பதவி விலகினார்.

அந்தப் பொருட்களில் பல முறையாகப் பட்டியலிடப்படாதவை. பட்டியலில் இல்லாத ஒரு பொருள் காணாமல் போனால், காணாமல் போனதே யாருக்கும் தெரியாது. அதன் பிறகுதான், மொத்தத் தொகுப்பையும் 5 ஆண்டுகளில் டிஜிட்டல் பதிவாக்கப் போவதாக பிரிட்டிஷ் மியூசியம் அறிவித்தது.

பூட்டு போட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு இதுவே சாட்சி. என்ன இருக்கிறது என்று எழுதி வைத்து, அதைப் பலரும் பார்க்கும்படி செய்வதும் ஒரு பாதுகாப்புதான்.

புதிய இடத்தில் என்ன ஸ்பெஷல்?

கிழக்கு லண்டனில், 2012 ஒலிம்பிக் நடந்த பூங்காவில் ஒரு மீடியா சென்டர் இருந்தது. உலகம் முழுக்க இருந்து வந்த பத்திரிகை, டி.வி. காரர்கள் வேலை பார்த்த இடம். அதன் ஒரு பகுதிதான் இப்போது ஸ்டோர்ஹவுஸ். நியூயார்க்கைச் சேர்ந்த டில்லர் ஸ்கோஃபிடியோ பிளஸ் ரென்ஃப்ரோ நிறுவனம் வடிவமைத்தது. பரப்பளவு 16,000 சதுர மீட்டர், 4 தளங்கள்.

உள்ளே போனதும் நடுவில் உயரமான ஒரு கூடம். சுற்றிலும் ரேக்குகள். நாற்காலிக்குப் பக்கத்தில் சிலை, சிலைக்குப் பக்கத்தில் சைக்கிள் என்று கலந்து கிடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெரிய பொருட்களும் உண்டு:

* ஆக்ரா கோட்டையில் இருந்த முகலாயர் கால குளியல் மண்டபத்தின் பளிங்குத் தூண் வரிசை
* ஸ்பெயின் அரண்மனை ஒன்றில் இருந்த 15-ம் நூற்றாண்டு மர விதானம்
* அமெரிக்க கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930-களில் வடிவமைத்த முழு அலுவலக அறை
* 1924-ல் 'நீல ரயில்' என்ற பாலே நாடகத்துக்காக, பிக்காசோவின் ஓவியத்தைப் பெரிதாக்கி வரைந்த 10 மீட்டருக்கும் அதிக உயரமான மேடைத் திரை

இடம் போதாமல் பல ஆண்டுகளாக மக்கள் கண்ணில் படாமல் இருந்தவை இதில் உண்டு.

'ஆர்டர்' போடுவது எப்படி?

இதுதான் இங்கே பெரிய விஷயம். மியூசியத்தின் இணையதளத்தில் 10 லட்சத்துக்கும் அதிகமான பொருட்களின் பதிவுகள் இருக்கின்றன. அதில் ஸ்டோர்ஹவுஸில் இருக்கும் பொருட்களில் அதிகபட்சம் 5-ஐத் தேர்வு செய்து, 2 வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். சொன்ன நாளில் போனால் ஊழியர் அந்தப் பொருட்களை மேஜையில் எடுத்து வைத்திருப்பார். இதற்கும் கட்டணம் இல்லை. பேராசிரியராக இருக்கணும், காரணம் சொல்லணும் என்ற நிபந்தனையும் இல்லை.

தொடக்க மாதங்களில் அதிகம் பேர் பார்க்கக் கேட்டது, பலென்சியாகா 1954-ல் உருவாக்கிய ஒரு பிங்க் நிற கவுன்!

வேறு எங்கேயாவது இப்படி உண்டா?

நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் போய்மான்ஸ் வான் பூனிங்கன் மியூசியம் 2021 நவம்பரிலேயே தன் குடோனை மக்களுக்குத் திறந்தது. வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடி பதித்த, கிண்ணம் போன்ற கட்டடம் அது. உள்ளே 1.5 லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் உள்ளன. ஆனால் அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும்.

சிக்கலே இல்லையா?

உண்டு. வெளிச்சம் பட்டால் துணியும் ஓவியமும் வெளுக்கும். ஆள் நடமாட்டம் கூடினால் தூசும் ஈரமும் கூடும். அதனால் எல்லாவற்றையும் வெளியே வைக்க முடியாது. இங்கேயும் நுணுக்கமான பொருட்கள் மூடிய அலமாரிகளில்தான் இருக்கின்றன, கேட்டால் மட்டுமே வெளியே வரும்.

இன்னொரு கேள்வி இந்தியர்களுக்கு நெருக்கமானது. கிழக்கிந்திய கம்பெனி லண்டனில் தொடங்கிய இந்தியா மியூசியம் 1879-ல் கலைக்கப்பட்டபோது, அதன் பொருட்களில் பெரும் பகுதி இன்றைய வி அண்ட் ஏ-வுக்குப் போனது. ஆக்ரா தூண்களை லண்டனில் இலவசமாகப் பார்க்கலாம், சரி. அது ஆக்ராவில் இருந்து ஏன் பெயர்க்கப்பட்டது, எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில் ஆகுமா? ஆகாது. ஆனால் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

விமானம் ஏற வேண்டாம். வி அண்ட் ஏ இணையதளத்தில் 'கோரமண்டல்' என்று ஆங்கிலத்தில் தேடினால், சோழமண்டலக் கடற்கரையில் இருந்து கப்பல் ஏறிய சாயத்துணிகள் போட்டோவுடன் வரும். அந்தப் பக்கத்திலேயே பொருள் எங்கே இருக்கிறது என்றும் போட்டிருக்கும். 'ஸ்டோர்ஹவுஸ்' என்று இருந்தால், லண்டனில் இருக்கும் உங்கள் உறவினரோ நண்பரோ ஆர்டர் போட்டு நேரிலேயே பார்க்கலாம்.