72,000 ரூபாய் கேமரா, கொல்லிமலை ட்ரிப், ஒரு உண்ணி

ராத்திரி பத்தரை மணிக்கு போன். "அண்ணா, கருப்பை யாருக்காச்சும் குடுத்துடலாமுங்களா?"

பேசினது என் சொந்தக்காரத் தம்பி. வயசு 26. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். காங்கேயத்துல அப்பா அம்மாவோட இருந்துட்டு டெய்லி பைக்ல போய் வர்றான். கையில வர்ற சம்பளம் 31,500. கருப்பு, ரெண்டு வருஷம் முன்னாடி அரிசி மில் வாசல்ல அவன் தூக்கிட்டு வந்த நாட்டு நாய்க்குட்டி. தன் பேரைப் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். நாய் பேரைப் போடலாமாம்.

அருவி போட்டோ எடுக்கணும்ங்கறது அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. ஷட்டரை அரை செகண்ட் திறந்து வச்சா தண்ணி பால் மாதிரி விழுமே, அந்த மாதிரி. பண்டிகை ஆஃபர்ல 72,000 ரூபாய்க்கு கேமரா வாங்கினான். கிரெடிட் கார்டுல நோ காஸ்ட் இ.எம்.ஐ, மாசம் 6,000, 12 மாசம்.

நோ காஸ்ட்னா என்னன்னு பாத்துடுவோம். பேங்க் வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்கு கடைக்காரர் விலையில முன்னாடியே தள்ளுபடி குடுத்துடுவார். ஆனா வட்டி மேல வர்ற 18% ஜி.எஸ்.டி நம்ம தலையில. 15% வட்டின்னு வச்சா, 72,000-க்கு உள்ள இருக்கற வட்டி சுமார் 5,520. அதுக்கு ஜி.எஸ்.டி 990 ரூபாய் சொச்சம். பிராசஸிங் ஃபீஸ் தனி. பெரிய தொகை இல்லதான். ஓசி இல்லைன்னு தெரிஞ்சு வாங்குங்க, அவ்ளோதான்.

முதல் ட்ரிப் ஆழியார் மேல இருக்கற குரங்கு அருவிக்கு. கூட்டம் இருக்காதுன்னு வெள்ளிக்கிழமை லீவு போட்டான். லீவு பேலன்ஸ் இல்ல, எல்.ஓ.பி. ஒரு தெரிஞ்சவர் தன் ஒயிட் போர்டு காரை நாளுக்கு 2,000-க்கு தர்றேன்னார். வேண்டாம்னு நான்தான் தடுத்தேன். பிரைவேட் கார் பாலிசி வாடகை உபயோகத்துக்கு செல்லாது. ஆக்சிடென்ட் ஆனா கிளெய்ம் நிக்காது. என் காரையே எடுத்தோம். பின் சீட்ல பெட்ஷீட் விரிச்சு கருப்பு.

ஆழியார் செக்போஸ்ட்ல ஒரே வார்த்தை: "நாயோட மேல போக முடியாதுங்க தம்பி. இது டைகர் ரிசர்வ்." சொன்னவர் மேல தப்பே இல்ல. ஆனைமலை புலிகள் காப்பகம் அது. வீட்டு நாய்கிட்ட இருந்து டிஸ்டெம்பர், ரேபிஸ் மாதிரி நோய் காட்டு விலங்குகளுக்குப் போகும். சிறுத்தைக்கு நாய் பிடிச்ச இரை வேற. நாங்கதான் முன்னாடியே விசாரிக்கல. திரும்பி வந்தோம். பெட்ரோல் சுமார் 1,250, அவனுக்கு ஒரு நாள் சம்பளம் 1,200. போட்டோ பூஜ்யம்.

அடுத்தது கொல்லிமலை. இந்தத் தடவை ஞாயித்துக்கிழமை, காலைல நாலு மணிக்கே கிளம்பி வெள்ளக்கோவில், கரூர், நாமக்கல் வழியா. 70 கொண்டை ஊசி வளைவு. கருப்பு ரெண்டு தடவை வாந்தி எடுத்தான் (வயித்தை காலியா வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கணும்). ஆகாய கங்கை கிட்டத்தட்ட 300 அடி உயரம். அதுக்குக் கீழ இறங்க ஆயிரத்துக்கும் மேல படி. நாயோட முடியாது. தம்பி ட்ரைபாடு, என்.டி ஃபில்டரோட இறங்கினான். நான் மேல கருப்போட உக்காந்துட்டேன்.

ரெண்டரை மணி நேரம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் டீ குடிச்சேன், மிளகு வாங்கினேன். கருப்பு ரொம்ப இழுத்தான். பாவம்னு ஒரு காபித் தோட்டத்து ஓரத்துல கயிறை அவுத்து விட்டேன். புதருக்குள்ள புகுந்து விளையாடிட்டு வந்தான். தம்பி மேல ஏறி வந்து காட்டின படங்கள்ல நாலு, சத்தியமா காலண்டர்ல போடலாம்.

ரெண்டு வாரம் கழிச்சு கருப்பு சாப்பாட்டை நிறுத்திட்டான். காய்ச்சல், ஈறு வெளுத்துப்போச்சு. ஒரு ஞாயிறு ராத்திரி பதறி திருப்பூர்ல ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க. உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் இறங்கியிருக்கு. ரத்தப் பரிசோதனை, நாலு நாள் டிரிப்ஸ், ஒரு மாசத்துக்கு மாத்திரை. பில் 11,400. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்தது 4,000. அதே கார்டைத் தேய்ச்சான்.

அந்த உண்ணி கொல்லிமலையில ஏறினதா, நம்ம தெருவுல ஏறினதான்னு யாராலயும் சொல்ல முடியாது. கயிறை அவுத்து விட்டது நான்.

இப்ப அந்த ஸ்டேட்மென்ட். இ.எம்.ஐ 6,000. ஃபில்டர், ட்ரிப் செலவு, மத்தது 8,600. கிளினிக் 11,400. மொத்தம் 26,000. மினிமம் டியூன்னு போட்டிருந்தது 7,000: முழு இ.எம்.ஐ-யும், மீதி 20,000-ல 5 சதவீதமும். அவன் 7,000 கட்டிட்டு நிம்மதியா இருந்தான். லேட் ஃபீஸ் வராது, அது உண்மை. ஆனா பாக்கி 19,000-க்கு மாசம் 3.5% வட்டி, 665. ஜி.எஸ்.டி சேர்த்து 785. வருஷக் கணக்குல கிட்டத்தட்ட 50 சதவீதம். இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு. பாக்கி வச்சாலே, புதுசா வாங்கற பொருளுக்கு 45, 50 நாள் வட்டியில்லா சலுகை போயிடும். அடுத்த நாள் போட்ட பெட்ரோலுக்கும் அன்னையில இருந்தே வட்டி. இது தெரியாம அவன் கார்டைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தான்.

அடுத்த ஸ்டேட்மென்ட்டைப் பாத்துட்டுத்தான் அந்த ராத்திரி போன்.

"கேமராவை வித்துடலாமா?"ன்னு கேட்டேன். "பாதி விலைக்குத்தான் கேப்பாங்கண்ணா. நாய்க்குத்தான் மாசாமாசம் செலவு." கணக்கா பாத்தா அவன் சொன்னது சரி. எனக்குத்தான் கேக்க முடியல.

எஸ்.ஐ.பி இருக்கான்னு கேட்டேன். மாசம் 3,000, ஒன்பது மாசமா போகுது. "அதைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானண்ணா வீடியோல சொன்னீங்க?" சொன்னேன்தான். 42% வட்டிக்குக் கடன் வச்சுக்கிட்டு எஸ்.ஐ.பி போடுங்கன்னு சொல்லல. எந்த ஃபண்டும் அந்த வட்டியை ஜெயிக்காது. 20,000 எடுத்தோம். ஒரு வருஷம் ஆகாததால எக்சிட் லோடு 1%, 200 ரூபாய் போச்சு. கார்டு பாக்கி முழுசும் அடைஞ்சுது. இ.எம்.ஐ முடியற வரைக்கும் எஸ்.ஐ.பி 1,500. மீதி 1,500 ஒரு ஆர்.டி-யில போகுது, ஆப்புல அதுக்குப் பேரு 'கருப்பு'.

80டி-ல நாய் வராது, கேட்டுடாதீங்க. பெட் இன்ஷூரன்ஸ் இருக்கு. காத்திருப்புக் காலமும், எந்த நோய்க்கெல்லாம் தர மாட்டாங்கங்கற பட்டியலும் படிச்சுட்டு எடுங்க. அரசு கால்நடை மருத்துவமனை நம்ம ஊர்லயே இருக்கு. நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல இருந்து இருக்கு, அங்க சிகிச்சையும் உண்டு. மாட்டுக்குப் பேர் போன காங்கேயத்துக்காரங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு ராத்திரி அது ஞாபகம் வரல.

கருப்பு இப்ப நல்லா சாப்பிடறான். மாசம் ஒரு உண்ணித் தடுப்பு மாத்திரை, ஆர்.டி போற அதே அஞ்சாம் தேதி. அடுத்து மாசிலா அருவி போலாம்ங்கறான் தம்பி. அங்க படி கம்மி. கயிறு இந்தத் தடவை அவன் கையில.