முதியோர் வயிற்றில் முறுக்கு

வீட்டிலுள்ள முதியவர் வயிற்றுவலி என்று முனகினால், "வாயுவாக இருக்கும்" என்று கூறி ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பது நம் வழக்கம். பெரும்பாலும் அதனால் கேடு விளைவதில்லை. ஆயினும், சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய வயிற்றுவலிகளும் உண்டு. இரைப்பை முறுக்கிக்கொள்வது அவற்றுள் ஒன்று. இது அரிய நோய். எனினும் கவனியாது விட்டால் உயிரைப் பறிக்கவல்லது.

இரைப்பையை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் இணைப்புகள் முதுமையில் தளர்கின்றன. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில், உணவுக்குழல் நுழையும் துவாரமும் சிலருக்கு அகன்றுவிடுகிறது. அதன் வழியே மார்புக்குள் ஏறிய இரைப்பை, பிழிந்த துணிபோல் திருகிக்கொண்டால், உணவு செல்லும் வழி அடைபடுகிறது. இரத்த ஓட்டமும் தடைப்பட்டால் இரைப்பையின் சுவர் அழுகத் தொடங்கும்.

1866-இல் பெர்ட்டி என்பார் இந்நோயை முதன்முதலாக விவரித்தது, இறந்தவரின் உடலைப் பரிசோதித்தபோதுதான். உயிருடன் இருக்கும்போதே கண்டறிய உதவும் மூன்று அடையாளங்களை 1904-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் போர்கார்ட் எடுத்துரைத்தார். மேல்வயிற்றில் திடீரென எழும் கடும் வலி; ஓயாது ஓங்கரித்தும் வாந்தி ஏதும் வெளிவராமை; மூக்கு வழியே இரைப்பைக்குள் குழாய் செலுத்த இயலாமை. முதலிரண்டையும் வீட்டாரே அறியலாம். ஆனால் முதியோரிடம் இவை யாவும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதில்லை. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலுமாக வந்து, மாரடைப்போ என்று எண்ணவும் வைக்கும். எதுவாயினும் செல்லவேண்டிய இடம் மருத்துவமனையே.

அத்தகைய வேளையில் உணவு, கஷாயம், விளக்கெண்ணெய் எதையும் புகட்டலாகாது. அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அங்கே எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றால் நோயை உறுதிசெய்வர். நரம்பு வழியே நீரேற்றி, இயலுமாயின் குழாய் செலுத்தி இரைப்பையின் உப்பலைத் தணிப்பர். பின்னர் அறுவையின்மூலம் முறுக்கை அவிழ்த்து, அகன்ற துவாரத்தைத் தைத்து, தேவைப்பட்டால் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு பொருத்துவர். பெரிய அறுவையைத் தாங்க இயலாதோர் சிலருக்கு, வாய் வழியே செலுத்தும் உள்நோக்குக் குழாயால் முறுக்கை அவிழ்ப்பதும் உண்டு. ஆகவே, "வயதாகிவிட்டது, இனி எதற்கு?" என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

சிலருக்கு முறுக்கு விட்டுவிட்டு நேரும். சிறிது உண்டதும் வயிறு நிறைதல், உண்டபின் நெஞ்சில் அழுத்தம், விழுங்குவதில் இடர் ஆகியவை அடிக்கடி தோன்றினால், முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டுவது நலம்.

பிள்ளைகளுக்குத் தொல்லை தரலாகாது என்று வலியை மறைக்கும் பெற்றோர் பலர். "பசியில்லை" என்று தட்டைத் தள்ளிவைக்கும் தாயிடம், "எங்கே வலிக்கிறது, அம்மா?" என்று அருகமர்ந்து கேட்போம். அவரைக் காக்கும் மருத்துவம் அக்கேள்வியிலிருந்தே தொடங்கக்கூடும்.