பழைய சவரக்கத்திக்குப் புதிய பிடி

உதவாதெனப் பலரும் ஒதுக்கிவிடும் பொருட்களுள் மடக்குச் சவரக்கத்தியும் ஒன்று. 1903இல் அமெரிக்காவில் கிங் ஜில்லெற்றின் மாற்றத்தக்க அலகு விற்பனைக்கு வந்தபின் அது படிப்படியாகப் பெட்டிக்குள் ஒதுங்கிக்கொண்டது. ஆயினும் இங்கிலாந்தின் ஷெபீல்ட், ஜேர்மனியின் சோலிங்கன் ஆகிய நகரங்களிற் செய்யப்பட்ட நல்ல கத்திகளின் உருக்கு, ஒரு மனிதனின் ஆயுளையும் தாண்டி உழைக்கக்கூடியது. பல வேளைகளில் முதலிற் கெடுவது பிடியே. அதனை உரிய காலத்தில் மாற்றினால் கத்தி பிழைக்கும்.

பிடியே பகையாகும்போது

முன்னாளில் கொம்பும் எலும்பும் தந்தமும் பிடிகளாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செலுலோயிட் பாவனைக்கு வந்தது. பஞ்சை அமிலத்திற் பதப்படுத்திக் கற்பூரம் சேர்த்து ஆக்கப்படும் இப்பொருள், பழமையடைந்து சிதையும்போது அமில ஆவியை வெளிவிடுகிறது. மடித்து வைத்த அலகு அந்த ஆவியால் துருவேறிக் குழி விழுகிறது. எனவே வெடித்து நொறுங்கும் செலுலோயிட் பிடியைத் தாமதியாது கழற்றிவிட வேண்டும். அது இலகுவில் தீப்பற்றும். அடுப்பருகே கொண்டு செல்லலாகாது.

முதலில் அலகைச் சோதியுங்கள். வாயில் வெடிப்பிருந்தால் உழைப்பு வீண். மேலே படிந்த துருவைப் போக்கலாம். வாய்வரை இறங்கிய குழிகளைப் போக்குவது கடினம்.

செய்முறை

தறையாணியின் தலையைச் சிறு அரத்தால் அராவி, மெல்லிய கம்பியால் தட்டி வெளியேற்றுங்கள். அலகை எண்ணெய் தடவி நுண்ணிய மணற்கடதாசியால் கையாலேயே தேய்க்க வேண்டும். சுழலும் யந்திரத்திற் பிடித்தால் மெல்லிய வாய் நொடியிற் சூடேறும். உருக்கு நீலம் பாரித்தால் அதன் பதம் போய்விட்டது என்பதே பொருள். அலகு கையிலிருந்து பறந்து காயப்படுத்தவும் கூடும்.

புதிய பிடிக்கு எருமைக்கொம்போ கருங்காலியோ ஏற்றது. கருங்காலி மரத்தைத் தறிக்க வேண்டியதில்லை; பழைய தளபாடத்தின் உடைந்த காலொன்றே போதும். ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பில் இரு துண்டுகளை அறுத்து, பழைய பிடியின் அளவை வரைந்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே வடிவில் அராவித் துளையிடுங்கள். கொம்புத்தூளைச் சுவாசிக்காதபடி மூக்கைத் துணியால் மூடுதல் நன்று. வால்முனையில் இரு துண்டுகளுக்குமிடையே சிறு ஆப்பு வைத்தால் அலகு நடுவே மடியும். 1.6 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பியைச் செலுத்தி, இருபுறமும் வாசர் இட்டு, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தறையுங்கள். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் பிடி பிளந்துவிடும்.

தீட்டும்போது அலகின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிய, வாய் முன்னே செல்ல வேண்டும். முதுகின் தடிப்பே சரியான கோணத்தைத் தந்துவிடும். தோல்வாரில் இழுக்கையில் முதுகு முன்னே செல்லட்டும். வாய் முன்னே சென்றால் தோல் அறுபடும்.

ஒருவருக்கு மட்டும்

திருத்திய கத்தி ஒருவருடைய முகத்துக்கே உரியது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்துளியும் ஈரல் அழற்சி பி போன்ற நோய்களைப் பரப்பவல்லது. தகப்பனின் கத்தியாயினும், மகன் பாவிக்கத் தொடங்குமுன் அதனை நன்கு கழுவித் தொற்றுநீக்க வேண்டும். அதன்பின் இருவரும் அதனைப் பகிரலாகாது. சலூன்களில் ஒவ்வொருவருக்கும் புதிய அலகு மாற்றுவதே முறை. சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் பூசி வைத்தால், புதுப் பிடியும் பழைய உருக்கும் நீண்டகாலம் சேர்ந்து உழைக்கும்.