கோடும் உருவும்

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. அதன் கிணறுகள் ஆழமானவை. ஆதலின் நீரிறைக்கும் பம்புகளைச் செய்தல் கோவையின் பெருந்தொழிலாயிற்று. ஜி. டி. நாயுடு முதலியோர் முயற்சியால் 1937-ஆம் ஆண்டிலேயே மின்சார மோட்டாரும் இந்நகரில் உருவாயிற்று.

பம்பின் உறுப்பொன்றை வார்ப்பதற்கு முன் அதனை வரைதல் வேண்டும். தாளில் நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. மேல்தோற்றம், முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்னும் மூன்று படங்களைக் கண்டு, முழு உருவையும் மனத்தில் அமைத்துக்கொண்டே தச்சர் மரமாதிரி செய்வார். ஒரு கோட்டை அவர் பிறழ உணரின், வார்த்த இரும்பு வீணாகும்.

இன்று அவ்வுருவைக் கணிப்பொறியே காட்டுகின்றது. அதற்கு முதன்மையான வழிகள் இரண்டு. வட்டமொன்றை வரைந்து மேல்நோக்கி நீட்டினால் உருளை தோன்றும், இது நீட்டல். பாதி வடிவை வரைந்து, குயவர் சக்கரத்து மண்போல ஓர் அச்சினைச் சுற்றிச் சுழற்றினால் கப்பி தோன்றும், இது சுழற்றல். ஆயின், கோடுகள் முனையோடு முனை பொருந்தி மூடியிருத்தல் வேண்டும். வரப்புடைந்த வயலில் நீர் நில்லாது. மயிரிழை இடைவெளி இருப்பினும் திண்ணிய உரு அமையாது.

உருகிய வார்ப்பிரும்பு ஆறுங்கால் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும். அதற்கேற்ப மாதிரியைப் பெரிதாக்கும் வேலையைப் பொறி நொடியில் முடிக்கும். எவ்வளவு என்று அறிந்து சொல்ல வேண்டியவர் மனிதரே. கோடு பிழைப்பின், பொறி அப்பிழையையே உருவாக்கித் தரும்.